ராஜேஸ்வரியை எப்போது படிப்பது

விருதுநகரில் புத்தகத் திருவிழா முடிந்த மறுநாள் காலை, அருப்புக்கோட்டை கோகிலாம்பாள் வீட்டுக்கு ஒரு கப்பல் இன்ஜினீயரும், ஒரு ஜமீன் வீட்டு விதவையும், கைவிலங்கு மாட்டிய ஒரு திருடனும் வந்து, தங்களை எப்போது படிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். மூவரும் பாலவனத்தம் வழியாக வரும் காலை பஸ்ஸில் வந்திருந்தார்கள். கைவிலங்கோடு இருப்பவனைச் சட்டைப்பைக்குள் கையை விடச் சொல்வது முறையில்லை என்று கண்டக்டர் திருடனிடம் மட்டும் டிக்கெட் கேட்கவில்லை. கோகிலாம்பாள் அப்போது இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். நீங்கள் யார் என்று அவள் கேட்கவில்லை. முந்தின நாள் வாங்கிய புத்தகங்களின் முதல் பக்கங்களைத் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே புரட்டியிருந்ததால் ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. இன்னொரு ஈடு ஊற்றி வைத்தாள்.

கோகிலாம்பாளுக்கு அப்போது ஐம்பது வயது. கணவர் அருஞ்சுனை பஜாரில் சாக்குக் கடை வைத்திருந்தார். பருப்பு மில்களுக்கும் மல்லி, மிளகாய் வியாபாரிகளுக்கும் சாக்கும் சணலும் கொடுக்கிற கடை. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருந்தார்கள். கோகிலாம்பாள் எட்டாம் வகுப்பில் வாரப்பத்திரிகைத் தொடர்கதையில் ஆரம்பித்தவள். அதிலிருந்து மாத நாவலுக்கு வந்து, பிறகு நூலகத்துக்கு வந்து, கதை என்று அச்சில் எது இருந்தாலும் விடாமல் படித்தாள். அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. எடுத்த புத்தகத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டாள். எவ்வளவு மோசமான கதையானாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் கூடவே நடந்து வழியனுப்பிவிட்டுத்தான் வருவாள். நூலகத்திலிருந்து ஒன்று ஒன்றாக எடுத்துவந்த காலமெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லை. பை நிறைய வாங்கி அலமாரியில் அடுக்கிவைத்து, இதைப் பிறகு பார்ப்போம் என்று சொன்ன நாளிலிருந்துதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

விஷயம் சுலபமானது. படிக்காத புத்தகம் ஒன்று அந்த வீட்டுக்குள் வந்தால், அதன் முதல் பக்கத்தில் இருக்கும் ஆள் ஒரு நாளைக்குள் வந்து சேர்ந்துவிடுவார். முதல் பக்கத்தில் உள்ளதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. கப்பல் இன்ஜினீயருக்கு எந்தக் கடல் என்று தெரியாது. ஜமீன் வீட்டு அம்மாளுக்குத் தான் அழுதுகொண்டிருப்பது தெரியும், யாருக்காக என்பது தெரியாது. திருடன் தெருவில் சாவி தொலைத்தவர்களின் பூட்டையெல்லாம் ஊக்கு விட்டுத் திறந்து கொடுத்தான். தன் கைவிலங்கை மட்டும் அவனால் திறக்க முடியவில்லை, அது எங்கோ நாற்பதாம் பக்கத்தில் திறக்க வேண்டியது. கோகிலாம்பாள் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தால் அந்த ஆள் காணாமல் போவார். அவள் மூடி வைத்தால் திரும்பி வருவார். அவள் முடித்துவிட்டால் போய்விடுவார். போகிறவர்கள் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தெருக்காரர்கள் முதல் மாதம் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து வேலை சொன்னார்கள். கப்பல் இன்ஜினீயர் சாக்குக் கடையின் தையல் மிஷினைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அது அவ்வளவு சத்தமில்லாமல் ஓடியதில்லை. ஆனாலும் முன்னறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து, அடுத்தது யார், அடுத்தது யார் என்று கோகிலாம்பாளின் கையையே பார்த்துக்கொண்டிருப்பது அருஞ்சுனைக்குப் பிடிக்கவில்லை.

"ஏ கோகிலா, இது வீடா, டாக்டரு கிளினிக்கா? வந்த வரிசைக்கு டோக்கனக் குடுத்து ஒவ்வொருத்தரா அனுப்பேன்."

"டோக்கன் போட்டுப் படிக்க அது என்ன ரேஷன் கடையா? மனசு எதக் கேக்குதோ அதத்தான எடுக்க முடியும்."

மனசு கேட்பது என்பது அப்படி லேசான காரியமும் இல்லை. சாவில் முடிந்த கதைக்குப் பின்னால் உடனே இன்னொரு சாவு கூடாது. கல்யாண வீட்டுக்குப் போய்வந்த அன்று காதல் கதை எடுபடாது. பங்குனி வெயிலில் பனி பெய்யும் தேசத்துக் கதையை எடுத்தால் பாதியிலேயே கோபம் வரும். தடித்த புத்தகத்துக்குப் பின் மெலிந்தது ஒன்று வேண்டும், மெலிந்ததில் மூன்று முடித்தால் தடித்ததுக்கு மனசு ஏங்கும். இதெல்லாம் காத்திருப்பவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. ஜமீன் வீட்டு அம்மாள் கோகிலாம்பாளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, தன் கதை அப்படியொன்றும் சோகமாக இருக்காது என்று தோன்றுவதாகச் சொல்லிவைத்தார். அவரைத்தான் முதலில் படித்தாள். சோகமாகத்தான் இருந்தது.

இப்படி ஆட்கள் வருவதும் போவதுமாக ஓராண்டு ஓடியபின், ஒரு சித்திரை மாதம், ராஜேஸ்வரி வந்தாள். அவளைக் கொண்டுவந்தது கோகிலாம்பாளின் தம்பி ஜெயக்குமார். அவனுக்கு நாற்பது வயது. அக்கா வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, திருச்சுழிப் பக்கமும் காரியாபட்டிப் பக்கமும் லோடு ஆட்டோவில் பிஸ்கட் லைன் போட்டுக்கொண்டிருந்தான். கடைகடையாக ஏறி இறங்குகிற தொழில்தான், ஆனால் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் வாய் ஒட்டிக்கொண்டது. கேட்ட கேள்விக்கு மறுநாள் பதில் தோன்றும். மறுநாள் யார் காத்திருப்பார்கள்? கல்யாணம் அப்படியே நின்றுபோயிற்று. காரியாபட்டிச் சந்தையன்று பழைய பேப்பர் கடை ஒன்றில் எடைக்குக் கிடந்த ஒரு பைண்டு புத்தகத்தை, அக்காவுக்குப் பிடிக்குமே என்று வாங்கிவந்தான். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பெண், வாரப்பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரவாரம் கத்தரித்துச் சேர்த்து, அட்டை வைத்துத் தைத்து வைத்திருந்தது. தலைப்பும் எழுதியவர் பெயரும் இருந்த முதல் தாளின் மேல்பாதி கிழிந்திருந்தது. ஒவ்வொரு வாரத்தின் கடைசித் தாளின் பின்பக்கமும் பாதி சோப்பு விளம்பரமும் பாதி சிரிப்புத் துணுக்குமாக இருந்தது.

முதல் பக்கத்தில் கொட்டுகிற மழையில், பெயர் தெரியாத ஒரு ஸ்டேஷனில், ராஜேஸ்வரி என்ற பெண் கையில் டிரங்குப் பெட்டியோடு ரயிலைவிட்டு இறங்குகிறாள். வரவேற்க யாருமில்லை. தூரத்தில் கறுப்புக் குடை பிடித்த ஒருவன் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கோகிலாம்பாள் அவ்வளவுதான் படித்தாள். மறுநாள் ஜெயக்குமார் லைன் முடிந்து வரும்போது, திருச்சுழி ரோட்டில், நூற்றுநாலு டிகிரி வெயிலில், தலைமுதல் கால்வரை நனைந்து சொட்டச்சொட்ட ஒரு பெண் டிரங்குப் பெட்டியோடு நிற்பதைப் பார்த்தான். டவுனுக்கா என்று கேட்டான். அவள் ஏறிக்கொண்டாள். பின்னால் இருந்த பிஸ்கட் பெட்டிகள் நமத்துப்போயின.

அவளுக்கு ஈரம் காயவேயில்லை. எத்தனை துண்டால் துடைத்தாலும், மொட்டைமாடி வெயிலில் நிற்க வைத்தாலும், கூந்தல் நுனியிலிருந்தும் சேலைத் தலைப்பிலிருந்தும் சொட்டிக்கொண்டேயிருந்தது. கதையில் மழை நிற்கவில்லை, இங்கே மட்டும் எப்படிக் காயும்? அவள் நாற்காலிக்கு அடியில் ஒரு சருவச்சட்டி வைத்தார்கள். அது சுத்தமான மழைத்தண்ணீர். அருப்புக்கோட்டையின் உப்புத் தண்ணீரில் வேகாத துவரம்பருப்பு அந்தத் தண்ணீரில் வெண்ணெயாக வெந்தது என்று எதிர்வீட்டு ராக்கம்மாள் காலையும் மாலையும் செம்போடு வந்தாள். "இந்தா ராசாத்தி, கொஞ்சம் முடியப் பிழிஞ்சு விடு" என்று கேட்கிற அளவுக்கு அவள் உரிமை எடுத்துக்கொண்டாள்.

ராஜேஸ்வரி அச்சுத் தமிழில் பேசினாள். "தாங்கள் என்னை எப்போது படிப்பீர்கள்?" என்று மட்டும் ஒருமுறை மரியாதையாகக் கேட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள். தவிர, பின்பக்கத்துத் துணுக்குகளும் அவளோடு வந்திருந்தன. கத்தரி எங்கே விழுந்ததோ அங்கே நின்றுபோன துணுக்குகள். 'உங்கள் மருந்தால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் டாக்டர்.' 'உங்கள் இருமல் நின்றதா?' அதற்கு அந்த நோயாளி, என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவாள். அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. முன்னறையில் இருந்த அத்தனை பேரும் சிரிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். ஜெயக்குமார் அன்று அதைக் கேட்டுவிட்டு மாடியேறினான். மறுநாள் திருச்சுழி லைன் போய்த் திரும்பி, ஆட்டோவை நிறுத்தி, நேராக அவள் முன்னால் வந்து நின்று, "இருமல் நிக்கல டாக்டர். மருந்த அவுகதான் குடிச்சாக" என்றான்.

அவள் சிரித்தாள். சிரித்து முடிக்கும்வரை சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. அதைக் கவனித்தது கோகிலாம்பாள் மட்டும்தான்.

அன்றிலிருந்து அவள் பாதித் துணுக்கு சொல்வாள், அவன் மறுநாள் மீதியைக் கொண்டுவருவான். நாற்பது வருஷமாக மறுநாள் மட்டுமே பதில் தோன்றிய மனுஷனுக்கு, மறுநாள் வரைக்கும் காத்திருக்கிற ஒருத்தி கிடைத்தாள். நரிக்குடிப் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் அவனுக்கு யோசனை சொன்னார்கள். சில துணுக்குகளுக்கு நாலைந்து முடிவுகள்கூடச் சேர்ந்தன. அருஞ்சுனை கடையில் உட்கார்ந்து, "நம்ம மாப்ளைக்கு வாய் வந்துருச்சுடா சாமி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அவர் பயந்த ஒரே விஷயம் அந்த பைண்டு புத்தகம்.

பயந்ததில் நியாயம் இருந்தது. எழுதியவர் யார் என்று தெரியாவிட்டாலும் எந்த ரகம் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தது. மழை, தனி ஸ்டேஷன், டிரங்குப் பெட்டி, கறுப்புக் குடை. அந்தக் காலத்தில் இப்படி ஆரம்பித்த தொடர்கதைகளில் கதாநாயகி கடைசி வாரத்தைத் தாண்டிப் பிழைத்ததாகக் கோகிலாம்பாளுக்கு ஞாபகமில்லை. படித்தால் ராஜேஸ்வரி போய்விடுவாள். அதுவும் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிற போக்காக இருக்காது. ஜெயக்குமார் அக்காவிடம் வந்து, அந்தப் புத்தகத்தை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டான். கேட்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அவள் சரி என்றாள்.

ஆனால் சரி என்று சொல்வதற்கு வேறு புத்தகம் இருக்க வேண்டும். கோகிலாம்பாள் வேகமாகப் படிக்கிறவள். அலமாரி காலியாகிவிட்டால் கை தானாக அதில்தான் போய் நிற்கும் என்று ஜெயக்குமாருக்குத் தெரியும். அதனால் லைன் போகிற ஊரிலெல்லாம் புத்தகம் தேட ஆரம்பித்தான். காரியாபட்டி, திருச்சுழி, கமுதி ரோடு, எங்கே பழைய பேப்பர் கடை இருந்தாலும் ஆட்டோ நிற்கும். கதை எப்படி என்று பார்க்கமாட்டான், தடிமனை விரலால் அளந்து பார்ப்பான். ஒவ்வொரு தடித்த புத்தகமும் ராஜேஸ்வரிக்கு ஒரு மாத ஆயுள். புத்தகம் வந்தால் ஆளும் வருமே. ஒரு பாளையக்காரர் குதிரையோடு வந்தார். ஒரு பெரிய நாவலின் முதல் பக்கத்தில் ஊர்வலம் இருந்ததால் ஊர்வலமே வந்து தெருமுனையில் நின்றுவிட்டது. அருஞ்சுனை கடையிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து விரித்து அவர்களைப் படுக்க வைத்தார். கரண்ட் பில்லைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் தனக்கு உட்கார இடமில்லை என்பதை மட்டும் சொன்னார், அதுவும் நின்றுகொண்டு.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. கோகிலாம்பாள் தனக்குப் பிடித்ததைப் படித்து வெகுநாளாகிவிட்டது. தடித்ததற்குப் பின் தடித்தது, அதற்குப் பின்னும் தடித்தது. மனசு கேட்பதும் நின்றுபோயிருந்தது. ராஜேஸ்வரிக்கும் அந்த இரண்டு வருஷம் நன்றாக இல்லை. அவளுக்குச் சளி பிடித்து இருமல் வந்தது. பாதங்கள் எந்நேரமும் ஊறி வெளுத்துக் கிடந்தன. அதைவிட, டிரங்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் யாரைப் பார்க்க ரயிலேறினாள், தாய் தகப்பன் இருக்கிறார்களா, எதுவும் தெரியவில்லை. ஜெயக்குமார் ஒருநாள் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள், "நான் யார் என்று தெரியாமல் உங்களுக்கு எப்படிச் சம்மதம் சொல்வேன்? சம்மதம் சொல்கிற ஆள் அடுத்த பக்கத்தில் அல்லவா இருக்கிறாள்" என்றாள். அவனுக்கு மறுநாளும் பதில் தோன்றவில்லை.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அந்தப் பக்கத்தில் முடிவுக்கு வராத எதுவும் அப்படித்தான் முடிவுக்கு வரும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் படிப்பது, சிவப்பு வந்தால் அலமாரியில் வைத்துப் பூட்டுவது. திருச்சுழிக்கு இப்பால் ஒரு கண்மாய்க் கரையில் இருந்த அய்யனார் கோயிலுக்கு லோடு ஆட்டோவில் போனார்கள். ஜெயக்குமாரை நம்ப முடியாது, இரண்டிலும் சிவப்பை வைத்துவிடுவான் என்று அருஞ்சுனை சொன்னதால், பொட்டலம் கட்டும் வேலை ராஜேஸ்வரியிடம் போனது. அவர்கள் செய்த தப்பு அது. பூசாரியின் பேத்தி வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் நந்தியாவட்டை. திரும்பி வரும் வழியில் ஜெயக்குமார் வண்டியை ஓரம் கட்டி, மீதிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தான். அதிலும் நந்தியாவட்டைதான் இருந்தது.

"எனக்கு ஈரம் காய வேண்டும்" என்று ராஜேஸ்வரி சொன்னாள். அவன் பூவை அவள் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

தொடர்கதை எப்படி வந்ததோ அப்படியே படிப்பது என்று கோகிலாம்பாள் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு அத்தியாயம். அடுத்த வாரம் வரை புத்தகத்தைத் தொடக்கூடாது. இரண்டாம் அத்தியாயத்தில் மழை நின்றது. ராஜேஸ்வரி தெருவாசல் வழியாகத் திரும்பி வந்தபோது தலைமுடி உலர்ந்து காற்றில் பறந்தது. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. ராக்கம்மாள் மட்டும் காலிச் செம்போடு நின்று, "இனி எம் பருப்புக்கு நான் எங்க போவேன்" என்று கேட்டுவிட்டு, பிறகு அவளும் தொட்டுப் பார்த்தாள்.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் அவள் எதையாவது கொண்டுவந்தாள். ஒரு வாரம் இறந்துபோன தாயின் ஞாபகம். ஒரு வாரம் டிரங்குப் பெட்டியின் சாவி. உள்ளே ஒரு குழந்தையின் கவுனும் வெள்ளிக் கொலுசும் இருந்தன. ஒரு வாரம் உள்ளங்கையில் தீக்காயம். தாய்மாமன் விட்டுப்போன மலைமேல் பங்களா அவளுக்கு வரவேண்டியது என்றும், அவள் போகுமிடமெல்லாம் கறுப்புக் குடைக்காரன் வருகிறான் என்றும் தெருவுக்கே தெரிந்தது. கதை நடுவில் ஒரு இளம் வக்கீல் வந்து அவளிடம் கல்யாணம் பேசினார். அந்த வாரம் ஜெயக்குமார் சாப்பிடாமல் மாடியேறினான். அவள் படியில் நின்று, "அந்த வக்கீலுக்குச் சிரிக்கவே தெரியல" என்று மேலே பார்த்துச் சொன்னாள். அப்போதுதான் அவர்கள் கவனித்தார்கள், அவள் அச்சுத் தமிழை விட்டு வெகுநாளாகியிருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே இருந்தாள். மீதி ஆறு நாளும் இங்கேதானே இருந்தாள். 'வாரேன்', 'போறேன்' எல்லாம் வந்திருந்தது. வக்கீலைக் குடைக்காரன் மலைப்பாதையில் தள்ளிக் கொன்றான். ஜெயக்குமார் அதற்காக வருத்தப்பட்டான் என்று சொல்ல முடியாது.

கடைசிக்கு முந்திய வாரம் வந்தது. அன்று அவள் திரும்பி வருவதற்கு இருட்டும் நேரமாகிவிட்டது. கால்களில் செருப்பு இல்லை. வளையல் உடைந்து கை கீறியிருந்தது. வாசலில் நின்ற லோடு ஆட்டோவின் பின்புறத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பங்களா மாடியில் இருட்டில் நிற்கிறாளாம். கீழே படியில் குடையைத் தட்டித்தட்டி ஒருவன் ஏறி வருகிறானாம். அந்த இடத்தில் 'தொடரும்'. புத்தகத்தில் மீதி ஒரே ஒரு அத்தியாயம். ஜெயக்குமார் அதை எரித்துவிடலாம் என்றான். கோகிலாம்பாள் வேண்டாம் என்றாள். முன்பு ஒரு நாவலைக் கரையான் அரித்தபோது அதன் ஆள் பேச்சின் நடுவில் ஆங்காங்கே அழிந்து, கடைசியில் ஒரு கை மட்டும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். புத்தகம் முழுசாக இருக்க வேண்டும். அதைத் திறக்கலாமா கூடாதா என்பது அவள் ஒருத்தி கையில் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் கோகிலாம்பாளுக்குத் தூக்கமில்லை. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். மாடியில் நிற்கிறவளைப் பற்றிய கவலை பாதி. மீதி, அந்தக் குடைக்காரன் யார் என்ற அரிப்பு. அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை. தாய்மாமனே சாகாமல் இருந்து இதையெல்லாம் செய்கிறானா? வக்கீல் மலையிலிருந்து விழுந்தபின் பிணத்தை யாரும் பார்க்கவில்லையே, ஏன்? எட்டாம் வகுப்பிலிருந்து இன்றுவரை ஒரு முடிவையும் தெரிந்துகொள்ளாமல் விட்டவளில்லை. இதை முடிக்காவிட்டால் அவள் கட்டுப்பாட்டுப்படி அடுத்த புத்தகம் கிடையாது. அலமாரியில் காத்திருக்கும் அத்தனையும் அப்படியே நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, அவள் புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அருஞ்சுனை கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். ஜெயக்குமார் வாசலில் முதுகைக் காட்டி நின்றான். ராஜேஸ்வரி வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவள் அன்று முறை மாற்றினாள்.

"படிச்சா எனக்கு என்ன ஆகும்னு தெரியும் மதினி. படிக்காட்டி உங்களுக்கு என்ன ஆகும்னும் தெரியும். நீங்க எது செஞ்சாலும் எனக்கு வருத்தமில்ல. நான் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன், அது போதும்."

கோகிலாம்பாள் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவன் மூஞ்சிய ஒரு தடவகூடப் பாக்கலயா நீ?"

"இருட்டா இருந்துச்சு மதினி."

"நடை? நடை உங்க மாமா மாதிரி இருந்துச்சா?"

"மழைச் சத்தத்துல தெரியல."

"மறுபடியும் மழையா?" என்று கோகிலாம்பாள் தன்னையறியாமல் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தாள். விரலுக்கு அடியில் தாள் ஈரமாக இருந்தது. எதிரே இருந்தவளின் தலைமுடி நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு, தரையில் விழுந்தது. கோகிலாம்பாள் விரலை எடுத்தாள். எடுப்பதற்கு எவ்வளவு நேரமாயிற்று என்று பிறகு அருஞ்சுனை சொல்வதுண்டு; ஒரு லோடு சாக்கை எண்ணி இறக்கியிருக்கலாமாம்.

"சரி. அவன் எவனாவும் இருந்துட்டுப் போறான்" என்றாள். "ஏங்க, கோணி ஊசியும் சணலும் இருந்தா எடுங்க."

சாக்குக்காரர் வீட்டில் கோணி ஊசி இல்லாமல் இருக்குமா? பருப்பு மூட்டையின் வாயைத் தைப்பது போல, கடைசி அத்தியாயத்தின் மூன்று ஓரங்களையும் அருஞ்சுனை அட்டையோடு சேர்த்துத் தைத்தார். அவர் தைத்துக்கொண்டிருக்கும்போது புத்தகத்துக்கு உள்ளே யாரோ மரப்படிகளில் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஊன்றுகோல் போல எதையோ தட்டித்தட்டி, நின்று நின்று. எல்லோரும் கேட்டார்கள். முன்னறையில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கடைசி முடிச்சைப் போட்டு அருஞ்சுனை சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். சத்தம் நின்றது. ராஜேஸ்வரியின் முடி நுனியில் இரண்டாவது சொட்டு விழவில்லை.

ஜெயக்குமார் அதே அய்யனார் கோயிலில் அவளுக்குத் தாலி கட்டி, திருச்சுழியில் வாடகைக்கு வீடு பிடித்தான். கோகிலாம்பாளால் அதன்பின் படிக்க முடியவில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் நடுவில் கறுப்புக் குடை ஒன்று விரிந்து எழுத்தை மறைத்தது. முன்னறையில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர்களும் கோபப்படவில்லை. சிலர் குமாரலிங்கபுரத்தில் வரப்போகும் ஜவுளிப் பூங்காவில் வேலை கிடைக்குமா என்று விசாரித்து வைத்தார்கள். ஊர்வலம் கலைந்து பலசரக்குக் கடைகளுக்கும் மில்லுக்கும் போயிற்று. அருஞ்சுனைக்கு வீட்டில் உட்கார இடம் கிடைத்தது. கிடைத்தபின், யாரும் இல்லாமல் உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் கோகிலாம்பாளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பஸ்ஸேறித் திருச்சுழிக்குப் போவாள். ராஜேஸ்வரி வீட்டில் ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு, "ம், சொல்லு, பிறகு?" என்பாள். ராஜேஸ்வரி அந்த வாரத்தில் நடந்ததைச் சொல்வாள். வீட்டுக்காரம்மாவோடு தண்ணீர்த் தகராறு, ஜெயக்குமாரின் குறட்டை, பிள்ளை தங்காமல் போனது, பிறகு ஒரு பிள்ளை தங்கியது. ஏதாவது சுவாரஸ்யமான இடத்தில் கடைசி பஸ் வந்துவிடும். மீதியை அடுத்த வெள்ளிக்கு வைத்துக்கொண்டு கோகிலாம்பாள் ஏறிவிடுவாள். அப்படித் திரும்பி வந்த ஒரு நாள், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யாரோ விட்டுப்போன மாத நாவல் ஒன்றை எடுத்து, அருப்புக்கோட்டை வருவதற்குள் பாதிக்குமேல் படித்திருந்தாள். நடுவில் குடை விரியவில்லை. வீட்டுக்குப் போய் முன்னறையில் எஞ்சியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதை முடித்ததும் யாரை எடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

சில வருஷங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ராஜேஸ்வரி சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் கொண்டையை அவிழ்த்து, காதோரத்திலிருந்து ஒரு முடியைத் தனியாகப் பிரித்துக் காட்டினாள். வெள்ளை முடி. பைண்டு புத்தகத்தில் அவளுக்கு இருபத்துநான்கு வயது. அதில் எந்தப் பக்கத்திலும் அவளுக்கு நரைக்கவில்லை. கோகிலாம்பாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, அந்த ஒரு முடியை வேரிலிருந்து நுனிவரை பார்த்தாள்.

"நல்லாத்தான் போகுது" என்றாள்.

அன்று சாயங்காலம் ஜெயக்குமார் லைனிலிருந்து வரும்போது மருதாணிப் பொடி ஒரு பாக்கெட் வாங்கி வந்தான்.